இருமுறை நடந்த தூது

தந்தையின் திதி நாள். அண்ணன் வீட்டில் ஓர் இலை போடப்படுகிறது; இரண்டு தெரு தள்ளித் தம்பி வீட்டிலும் ஓர் இலை போடப்படுகிறது. ஒரே தந்தைக்கு, ஒரே நாளில், இரண்டு இடங்களில் எள்ளும் நீரும் இறைக்கப்படுகின்றன. பிரிவுக்குக் காரணம் கேட்டால், பாகப்பிரிவினையில் விட்டுப்போன நாலடிப் பாதை என்பார்கள். அதற்கும் அடியில் வேறொன்று இருக்கும். தாய் நோயுற்றுக் கிடந்த நாளில் யார் வந்தார், யார் வரவில்லை என்ற மனக்குறை அது. அதை எவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சமாதானம் பேச உறவினர் வராமல் இல்லை. மாமா வந்தார், சம்பந்தி வந்தார், ஊர்ப் பெரியவரும் வந்தார். வந்தவர் அனைவரும் பேசினார்கள். நியாயம் சொன்னார்கள், எடுத்துக்காட்டுச் சொன்னார்கள், “விட்டுக்கொடுத்துப் போங்கள்” என்றார்கள். அவர்கள் திரும்பிச் சென்றபின் கதவு முன்னிலும் இறுக மூடிக்கொண்டது.

எத்தனையோ குடும்பங்களில் காணும் காட்சி இது. பிணக்குற்ற இருவருக்கு நடுவே செல்கின்றவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? இக்கேள்விக்குத் திருவாரூர்த் தேரோடும் வீதி விடை சொல்லும். அவ்வீதியில் ஒரு நள்ளிரவில், கணவன் மனைவி பிணக்கைத் தீர்ப்பதற்காக இறைவனே இருமுறை நடந்தார் என்கிறது பெரியபுராணம்.

வழக்கில் தொடங்கிய தோழமை

சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் சிவபெருமானுக்கும் உள்ள உறவே ஒரு வழக்கில்தான் தொடங்கிற்று. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதிய வேதியர் நுழைந்து, “இவன் எனக்கு வழிவழி அடிமை” என்றார். சுந்தரர் நகைத்தார், வெகுண்டார், முதியவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது.

அந்த அவையினர் நடந்துகொண்ட முறை கருதத்தக்கது. வந்தவர் யாரென்று அறியாத முதியவர். அவர் சொல்வதோ உலகில் எங்கும் கேட்டிராத செய்தி. ஆயினும் அவர்கள் அவரை எள்ளி விரட்டவில்லை. அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்டார்கள். முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டினார். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். இருதரப்பையும் முழுமையாகக் கேட்டறிந்த அவை அது. அதனால்தான் தோற்றவராகிய சுந்தரரும் அத்தீர்ப்புக்கு உடன்பட்டார். “உம் வீடு எது?” என்று கேட்டு முதியவர் பின்னே சென்றபோது, அவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். வழக்காட வந்தவர் யாரென்பது அப்பொழுதே விளங்கிற்று. பின்னர்த் திருவாரூரில் சுந்தரர் ‘தம்பிரான் தோழர்’ ஆனார்.

மூடிய கதவு

திருவாரூரில் பரவை நாச்சியாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தலயாத்திரையாகத் திருவொற்றியூர் சென்றார். அங்கே சங்கிலியாரைக் கண்டு, “உன்னைப் பிரியேன்” என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணம் புரிந்தார். சில காலம் சென்றபின் ஆரூர் நினைவு எழ, சூளுறவைக் கடந்து புறப்பட்டார். ஊரெல்லை தாண்டியதும் இரு கண்களும் பார்வை இழந்தன. வழியெல்லாம் வருந்திப் பாடிச் சென்றவருக்குக் காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன.

தோழர் என்பதற்காக இறைவன் அவருடைய பிழையை மறைக்கவில்லை. சொல் தவறியதற்கு உரிய ஒறுப்பை அளித்தார். பின்னர் அத்தோழருக்காகவே தூதும் சென்றார். ஒருவருக்கு அன்பராக இருப்பது ஒன்று. அவர் செய்ததையெல்லாம் சரி என்று சாதிப்பது மற்றொன்று. நடுநின்று பேசுவோர் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இது.

ஒற்றியூர்ச் செய்தி பரவையாருக்கு முன்பே எட்டியிருந்தது. சுந்தரருடைய பரிவாரத்தார் மாளிகையை அடைந்தபோது உள்ளே புக வழியில்லை. அவர்கள் திரும்பி வந்து சொல்லக் கேட்ட சுந்தரர், உலகியல் அறிந்த சான்றோர் சிலரை அனுப்பினார். அவர்கள் பரவையாரிடம் தக்க காரணங்களை எடுத்துரைத்தார்கள். அவரோ, “அவர் பொருட்டு இன்னும் ஒரு சொல் சொல்வீராயின் என் உயிர் நீங்கும்” என்று விடை கூறினார். சான்றோர் அஞ்சித் திரும்பினர்.

அவர்கள் கற்றவர்கள், நல்லெண்ணம் உடையவர்கள், அவர்கள் சொன்ன காரணங்களும் பொருத்தமானவையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் பரவையாரின் துயரத்தைக் கேட்க வரவில்லை. அதனை மாற்ற வந்தார்கள். புண்பட்ட நெஞ்சம் அவ்வேறுபாட்டை நொடியில் உணர்ந்துவிடும்.

முதல் நடை

நள்ளிரவு. ஊர் உறங்கிற்று, சுந்தரர் உறங்கவில்லை. வேறு துணையின்றி இறைவனை நினைந்தார். தோழன் நினைத்த அளவில் பெருமான் எதிரே வந்து நின்றார். வேண்டுகோளைக் கேட்டு, தூது செல்ல இசைந்தார்.

அவர் சென்ற கோலம் சிந்திக்கத்தக்கது. அடிமுடி காண முடியாத பெருமான் தம் பேருருவோடு சென்று ஆணையிட்டிருக்கலாம். பரவையார் மறுத்திருக்க இயலாது. மனம் மட்டும் உடன்பட்டிராது. ஆகவே நாள்தோறும் கோயிலில் காணும் அர்ச்சகர் கோலத்தில் சென்றார். அச்சமின்றி ‘இல்லை’ என்று சொல்லத்தக்க ஒருவராகச் சென்றார்.

கதவைத் தட்டி அழைத்தார். உறக்கமின்றி இருந்த பரவையார், இந்நேரத்தில் அர்ச்சகர் வருவானேன் என்று நடுங்கிக் கதவைத் திறந்தார். வந்தவர் உடனே நியாயம் பேசத் தொடங்கவில்லை. “நீ மறுக்காமல் செய்வாயானால் வந்த காரியத்தைச் சொல்வேன்” என்று முதலில் இசைவு கேட்டார். பரவையாரும், “சொல்லுங்கள், எனக்கு இசையுமானால் செய்யலாம்” என்று எச்சரிக்கையோடு விடையளித்தார். பிறகுதான், நம்பியாரூரர் இங்கே வர வேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னார்.

அதன்பின் பேசியவர் பரவையார். பங்குனித் திருநாளுக்கு முன்போல் வருபவராக என்னைப் பிரிந்துபோய், ஒற்றியூரில் சங்கிலியால் கட்டுண்டவருக்கு இங்கே என்ன சார்பு உண்டு என்று கேட்டார். நீர் நடுராத்திரியில் வந்து சொன்ன காரியம் மிக அழகாயிருக்கிறது என்று குத்தலாகவும் சொன்னார். சான்றோரிடம் பேச மறுத்த வாய், இப்பொழுது நெஞ்சில் கிடந்ததைக் கொட்டியது. இறைவன் குறுக்கிடாமல் கேட்டார்.

கேட்டபின் அவர் சொன்னதில் ஒரு சொல் மிக முக்கியமானது. நம்பி செய்த குற்றங்களை மனத்திற் கொள்ளாமல் வெகுளி தணிய வேண்டும் என்றார். ‘குற்றமே இல்லை’ என்று சாதிக்கவில்லை. ‘ஆண்கள் அப்படித்தான்’ என்று தேற்றவில்லை. செய்தது பிழை என்பதை ஒப்புக்கொண்டுதான் மன்னிப்பை வேண்டினார். தன் துன்பம் துன்பமென்று ஒருவராவது ஏற்றுக்கொள்ளும் வரை எந்த நெஞ்சும் இளகுவதில்லை.

அவ்வளவும் நிகழ்ந்தும் பரவையார் இசையவில்லை. “இதற்காக நீர் என் வாயிலுக்கு வருவது உம் பெருமைக்குத் தகாது, போய்வாரும்” என்று அனுப்பிவிட்டார். மூவுலகும் வணங்கும் பெருமான் ஒரு பெண்ணின் வாயிலிலிருந்து மறுக்கப்பட்டுத் திரும்பினார். முகத்தில் சினமில்லை, புன்னகையே இருந்தது.

இரண்டு நடைகளுக்கு இடையே

இக்கதையில் பலரும் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அர்ச்சகர் சென்றபின் பரவையாரின் மாளிகையில் யாரும் பேசவில்லை. யாரும் அறிவுரை சொல்லவில்லை. அந்த அமைதியில் அவர் நெஞ்சம் தானே திரும்பிப் பார்த்தது. வந்தவர் இருந்தபோதும் சென்றபோதும் உண்டான அற்புதக் குறிகள் நினைவுக்கு வந்தன. வந்தவர் அர்ச்சகர் அல்லர், ஆரூர்ப் பெருமானே என்று தெளிந்தார். ‘அவர் சொல்லையா மறுத்தேன்’ என்று வாயிலை நோக்கியபடி துயிலாது வருந்தினார்.

இரவு முழுதும் பேசியிருந்தாலும் விளையாத மாற்றம் இது. சொல்லவேண்டியதைச் சொல்லிக் கேட்கவேண்டியதைக் கேட்டபின், மௌனத்திற்கு இடம் விட்டு விலகுதலும் தூதுவர் கடமை. பலர் அந்த இடைவெளியைப் பொறுப்பதில்லை. அன்றே கைகுலுக்க வைத்துவிட வேண்டும் என்று நெருக்குவார்கள். அதனால் கனிய இருந்த காய் வெம்பிப்போகும்.

மறுபுறம் சுந்தரர் தூதின் முடிவுக்காகத் தவித்திருந்தார். நடந்ததைக் கேட்டதும், தம் பொருட்டு மீண்டும் ஒருமுறை செல்ல வேண்டும், இல்லையேல் உயிர் நில்லாது என்று அடிபணிந்தார். “ஒருமுறை போயாயிற்று, இனி உன் பாடு” என்று பெருமான் சொல்லவில்லை. மீண்டும் புறப்பட்டார். இம்முறை தேவரும் முனிவரும் பூதகணங்களும் சூழத் தம் உண்மைக் கோலத்தோடு நடந்தார். அவ்விரவில் ஆரூர் வீதி சிவலோகமாகவே விளங்கிற்று என்று சேக்கிழார் பெருமான் போற்றுகிறார். திருவாரூர்த் தியாகேசருக்கு ‘வீதிவிடங்கர்’ என்று திருநாமம் வழங்குவதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

எதிர்கொண்டு வணங்கிய பரவையார், அன்பர் ஒருவருக்காக இரவில் இப்படி அங்குமிங்கும் அலைந்து வருவீரானால் இசையாமல் என் செய்வேன் என்று உருகினார். அவரை வென்றது வாதம் அன்று. தமக்காக ஒருவர் மறுப்பையும் தாங்கி மீண்டும் வந்தார் என்ற உண்மையே வென்றது. விளக்கேற்றி, மாளிகையை அணிசெய்து, வாயிலில் வந்து நின்று சுந்தரரை வரவேற்றார்.

கேள்விப்பட்டதால் மூண்ட பகை

ஒரு பிணக்குத் தீர்ந்தது. அதிலிருந்தே மற்றொரு பிணக்கு முளைத்தது. திருப்பெருமங்கலத்தில் வாழ்ந்த ஏயர்கோன் கலிக்காமர் சிறந்த சிவனடியார். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க இறைவனையே தூது அனுப்பினான் ஒருவன் என்ற செய்தி அவர் செவியில் விழுந்தது. உடல் நடுங்கிற்று. ‘அத்தகையவனை ஒருநாள் காண நேர்ந்தால் என்ன ஆகுமோ’ என்று கொதித்தார். அவர் சுந்தரரோடு அதுவரை பழகியவர் அல்லர். நேரில் பேசிப் பாராத ஒருவர் மீது, செவிவழி வந்த செய்தியால் மூண்ட பகை அது.

செய்தி சுந்தரரை எட்டியது. அவர் எதிர்வாதம் செய்யவில்லை. தம்மேல் பிழை உண்டென்று ஏற்று, இறைவனிடம் முறையிட்டார். இருவரையும் ஒன்றாக்கத் திருவுளங்கொண்ட பெருமான், கலிக்காமருக்குச் சூலை நோயைத் தந்து, “வன்றொண்டன் வந்தால் தீரும்” என்று உணர்த்தினார். “அவன் தீர்ப்பதைவிட இந்நோயே இருக்கட்டும்” என்றார் கலிக்காமர். சுந்தரர் வருகிறார் என்று கேட்டதும், உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர் துறந்தார்.

கலிக்காமரின் மனைவியார் அழுகையை அடக்கி, சுற்றத்தாரையும் அடக்கி, வந்த அடியாரை முறைப்படி வரவேற்றார். உண்மையைக் கண்டறிந்த சுந்தரர், தாமும் அவ்வழியே செல்வதாக வாளை எடுத்தார். இறையருளால் உயிர்பெற்று எழுந்த கலிக்காமர் பாய்ந்து அக்கையைப் பற்றிக்கொண்டார். ஒருவர் மற்றவருக்காக உயிரையும் விட முனைந்ததை நேரில் கண்ட கணத்தில் பகை முழுவதும் அற்றுப்போயிற்று. இருவரும் தழுவிக்கொண்டு, நந்தனாருக்காக நந்தி விலகிய திருப்புன்கூருக்குச் சென்று வணங்கினர். பின்பு ஆரூருக்கும் சேர்ந்தே சென்றனர்.

கலிக்காமரின் சினத்தையும் சேக்கிழார் பழிக்கவில்லை. அதன் வேர் இறைவன்பால் கொண்ட அன்பே என்பதால் அவரையும் நாயன்மாராகவே போற்றினார். பிணக்குற்ற இருவருள் ஒருவர் தீயவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருவரும் நல்லவராக இருந்தும் பிணக்கு வரும். அத்தகைய பிணக்கே தீர்க்க அரியது. பொறுமையோடு கேட்பவர் கிடைத்தால் தீரக் கூடியதும் அதுவே.

தென்முகக் கடவுளின் மௌனம்

சிவாலயந்தோறும் கருவறையின் தென்புறச் சுவரில் கல்லால மரத்தடியில் வீற்றிருப்பவர் தட்சிணாமூர்த்தி. எல்லா நூல்களையும் கற்றும் உள்ளம் அடங்காமல் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வரும் அவர் திருமுன் வந்தமர்ந்தனர். அவர் வாய் திறக்கவில்லை. சின்முத்திரை காட்டி அமைதியாயிருந்தார். நால்வரின் ஐயங்களும் அடங்கின.

வீடுகளிலும் மௌனம் உண்டு. மாதக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாதிருக்கும் மௌனம் அது. கதவை அடைக்கும் மௌனம். தென்முகக் கடவுளின் மௌனம் கதவைத் திறப்பது. எதிரே இருப்பவர் அச்சமின்றித் தம் உள்ளத்தை இறக்கி வைக்க அது இடம் தருகிறது. திருவாரூர்த் தியாகேசரின் நடனத்தை அஜபா நடனம் என்பார்கள். வாயால் உச்சரிக்கப்படாமல் மூச்சோடு மூச்சாக இயங்கும் மந்திரத்தின் அசைவு அது. உரத்துச் சொல்லாமலே உயிரை இயக்குகின்றவர்தாம் அன்று தூதராக நடந்தார்.

கேட்க மறுக்கும் அவை

எல்லாத் தூதும் வெற்றி பெறுவதில்லை என்பதையும் நம் இதிகாசம் மறைக்கவில்லை. பாண்டவர்க்காகக் கண்ணபிரான் அஸ்தினாபுரம் சென்றார். ஐந்து ஊர்களேனும் தந்தால் போதும் என்ற அளவுக்குப் பாண்டவர் இறங்கி வந்திருந்தனர். துரியோதனனோ ஊசிமுனை அளவு நிலமும் தாரேன் என்றான். அவையை விட்டு எழுந்தும் சென்றான். காஞ்சிபுரத்துத் திருப்பாடகத்தில் பாண்டவ தூதராக வீற்றிருக்கும் பெருமாளின் பெரிய திருமேனியைச் சேவிப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம். இறைவனே தூது சென்றாலும், கேட்கும் செவி இருந்தால்தான் சமாதானம் உண்டு. ஆயினும் அவர் செல்லாமல் இருக்கவில்லை. போர் மூள்வதற்கு முன் ஒருமுறை சென்று பார்த்துவிட வேண்டியது அறம்.

வீட்டுத் தூதுவர் நெறி

வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமும், தூதுக்கு ஓர் அதிகாரமும், நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இம்மூன்றும் ஒருவரிடம் கூடும்போது பிணக்குகள் தீரத் தொடங்கும். திருவாரூர்த் தூதைப் பின்பற்ற விரும்புவோர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில.

இருவரையும் ஓரிடத்தில் கூட்டி வைத்துப் பேசத் தொடங்காமல், முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே செல்ல வேண்டும். “இதுபற்றிப் பேசலாமா?” என்று இசைவு கேட்க வேண்டும். அவர் பேசத் தொடங்கியதும் அவர் சொல்லி முடிக்கும் வரை கைப்பேசியையும் கடிகாரத்தையும் பாராமல் கேட்க வேண்டும். “எனக்கும் இப்படித்தான் நடந்தது” என்று தம் கதையைத் தொடங்கலாகாது. பிழை இருந்தால் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுக்கப்பட்டால் வருந்தாமல் திரும்பி, சில நாள் பொறுத்து, மீண்டும் செல்ல வேண்டும்.

ஓரிடத்தில் கேட்டதை மற்றோரிடத்தில் சொல்லாதிருப்பதும் மௌனத்தின் ஒரு கூறே. நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்களிலும் இந்நெறி உண்டு. 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், பேச்சுவார்த்தையில் பேசப்பட்டவை வெளியே செல்லாமல் காக்கப்பட வேண்டும் என்கிறது. கலிக்காமர் கதையில் பகையை மூட்டியது செவிவழிச் செய்தி என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

ஓர் எல்லையும் உண்டு. அடியும் உதையும் கொடுமையும் உள்ள இடத்தில், துன்புறுவோரைப் பொறுத்துப்போகச் சொல்வது கருணை ஆகாது. அங்கே முதற்கடமை அவரைக் காப்பது. சட்டத்தின் துணையை நாடுவது. சொல் தவறிய தோழனின் கண்ணொளியை நீக்கியவர்தாம் பிறகு தோழனுக்காகத் தூது நடந்தார் என்பதை மறத்தலாகாது.

ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசை சிவாலயங்களில் நிகழும். அன்று அவர் பெருமையைப் பேசுவதோடு, வீட்டில் பேச்சற்றுப் போன ஓர் உறவையும் நினைத்துக்கொள்ளலாம். தென்புறச் சுவரருகே சற்று நேரம் வாய் பேசாமல் அமர்ந்துவிட்டு, கோயிலிலிருந்து நேரே அவ்வீட்டுக்குச் செல்லலாம். கொண்டு செல்ல வேண்டியவை சிறிது திருநீறும் கேட்கும் செவியும் மட்டுமே. கதவு திறவாமல் போகலாம். ஆரூர்ப் பெருமானுக்கும் முதல்முறை இசைவு கிட்டவில்லை. அடுத்த திதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாம் முறை நடக்கலாம்.